இடது பக்கம் திரும்பினால் வலது கை குளிரும்

அருப்புக்கோட்டையிலிருந்து குன்னூருக்கு எனக்கு மாறுதல் ஆணை வந்த அன்று, ஆசிரியர் அறையில் ஏழு பேர் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். மே மாதம். மேலே மின்விசிறி அனலைக் கிளறிக்கொண்டிருந்தது. "கொடுத்து வைத்தவர் ஐயா நீங்கள்" என்றார் வரலாற்று ஆசிரியர். எல்லாருக்கும் தெரிந்தது மே மாதத்து நீலகிரி மட்டும்தான். மலர்க் கண்காட்சி, ஏரிப் படகு, வர்க்கி, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எடுத்த குடும்பப் படம். டிசம்பர் மாதத்து நீலகிரியைப் பார்த்தவர் அந்த அறையில் ஒருவர்கூட இல்லை. என்னையும் சேர்த்துத்தான்.

குன்னூரில் வாடகை கேட்டுப் பின்வாங்கி, ஊட்டியில் கேட்டு இன்னும் பின்வாங்கி, கடைசியில் ஊட்டியையும் தாண்டித் தலைகுந்தாவில் போய் ஒரு வீடு பிடித்தேன். வாடகை குறைவு. ஏன் குறைவு என்று கேட்காத முட்டாள் நான். வீட்டுக்காரர் நேர்மையானவர், மறைக்கவில்லை. "பேப்பர்ல வருஷா வருஷம் உறைபனின்னு போட்டோ வருமே சார், அதெல்லாம் இங்கதான் வந்து எடுப்பாங்க" என்று பெருமையாகவே சொன்னார். நான் அதை அந்த வீட்டின் வசதிகளில் ஒன்றாகக் குறித்துக்கொண்டேன்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். மேகமில்லாத மார்கழி இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு வாரிக் கொடுத்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். தலைகுந்தா அப்படித் தேங்குமிடம். காலையில் புல்வெளி, வேலி, வைக்கோல் போர், என் புல்லட்டின் சீட்டு எல்லாவற்றின் மேலும் கல்லுப்பைத் தூவிவிட்டதுபோல் வெண்மை. பார்ப்பதற்கு அழகு என்று சுற்றுலாப் பயணிகள் சொல்வார்கள். அவர்கள் அந்த நேரத்தில் பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்புக்குப் போகிறவர்கள் இல்லை.

சிறப்பு வகுப்பு காலை 8 மணிக்கு. பள்ளி குன்னூரில். ஊட்டி வழியாக லவ்டேல் பிரிவு, கேத்தி, அருவங்காடு, வெலிங்டன் என்று ஏறக்குறைய 25 கிலோமீட்டர். 7 மணிக்கு வண்டியை எடுத்தாக வேண்டும், அதாவது இரவு முழுக்கச் சேர்ந்த குளிர் தன் உச்சத்தில் இருக்கும்போது. இயற்பியல் ஆசிரியர் ஒருநாள் கரும்பலகையின் ஓரத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். வெப்பநிலை 2 டிகிரி, வண்டி 40 கிலோமீட்டர் வேகம் என்றால், தோலுக்கு அது மைனஸ் 5 டிகிரி அளவுக்குக் குளிரும். அமெரிக்காவிலும் கனடாவிலும் வானிலை அறிக்கையில் இந்தக் கணக்கைச் சொல்வார்களாம். "அப்படியானால் நான் தினமும் கனடா போய் வருகிறேனா?" என்றேன். "பயணப்படி கிடைக்காது" என்றார்.

குளிரில் உடம்புக்கு ஒரு குணம் உண்டு. நெருக்கடி வந்ததும் அது இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற முடிவெடுத்து, கைவிரல், கால்விரலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். நிதி நெருக்கடியில் முதலில் கடைநிலை ஊழியர் படியில் கைவைப்பது மாதிரி. லவ்டேல் வருவதற்குள் விரல்கள் வலிக்கும். கேத்தியில் வலி நின்றுவிடும், அதுதான் பயம். அருவங்காட்டில் கிளட்ச்சைப் பிடிப்பது என் விரல்களா பக்கத்து வீட்டுக்காரர் விரல்களா என்று சந்தேகம் வரும். வகுப்பில் சாக்பீஸைப் பிடித்து "ழ" எழுதினால் அது கரும்பலகையில் வேறு ஏதோ மொழியாக நிற்கும். தமிழின் சிறப்பு எழுத்து என்று நான் இருபது வருடமாகச் சொல்லிவந்த எழுத்து. முதல் பெஞ்சுப் பையன் ஒருவன், "ஐயா கோவமா இருக்காரு, கை நடுங்குது" என்று பக்கத்தவனிடம் கிசுகிசுத்தான். அந்த வாரம் முழுக்க வகுப்பு அமைதியாக இருந்தது என்பது மட்டுமே குளிரால் எனக்குக் கிடைத்த லாபம்.

கம்பளிக் கையுறை வாங்கினேன். அதன் ஒவ்வொரு கண்ணியிலும் காற்று தனித்தனியாக நுழைந்தது. அதன்மேல் ஒரு தோல் கையுறை போட்டேன். கை பலாக்காய் ஆனது, பிரேக் எது, ஹாரன் எது என்று தெரியவில்லை. வழியில் நிறுத்தி இன்ஜின் மேல் கையை வைத்துக் குளிர்காய்ந்தேன். விரல் மரத்திருந்ததால் கையுறை பொசுங்குவது மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது.

எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவர் மொபெட்டில் வருவார். அவருடைய ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் உரச் சாக்கை வெட்டித் தைத்த உறைகள் தொங்கும். உள்ளே கையை விட்டுக்கொண்டு ஓட்டுவார். கால்நடை மருத்துவர் நினைவு வரும். "வாத்தியாரே, ஒண்ணு தச்சுத் தரட்டா?" என்று கேட்டார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பார்க்க, "யூரியா" என்று எழுதிய சாக்குக்குள் கையை விட்டுக்கொண்டு பள்ளிக்குள் நுழையும் தமிழாசிரியரை நினைத்துப் பார்த்தேன். "பரவாயில்லைங்க" என்றேன்.

அந்த இரவில்தான் கைப்பேசியில் அதைப் பார்த்தேன். சூடாகும் கைப்பிடி. விலை 2,300 ரூபாய். வண்டியின் ரப்பர் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு இவற்றை மாட்ட வேண்டும். உள்ளே மெல்லிய மின்தடைப் பட்டை ஓடும், பாட்டரியிலிருந்து மின்சாரம் போனால் சூடாகும். இஸ்திரிப் பெட்டியின் தங்கை. குளிர்நாடுகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது ஹெல்மெட் மாதிரி சாதாரணச் சாமான்.

"முதல் உலகப் போரிலேயே மேற்கூரை இல்லாத விமானத்தில் போன விமானிகள் மின்சாரத்தால் சூடாகும் கையுறை போட்டிருந்தார்கள், தெரியுமா?" என்று மனைவியிடம் பீடிகை போட்டேன்.

"நீங்க எந்தப் போருக்குப் போறீங்க? பத்தாங்கிளாஸ் பி செக்ஷனுக்குத்தானே?"

பி செக்ஷனை அவள் பார்த்ததில்லை.

அருப்புக்கோட்டைக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு விஷயமே பிடிபடவில்லை. "ஏன்டா தம்பி, வண்டிய வெயில்ல நிப்பாட்டு, தானா சுடும்" என்றாள். அவள் சொன்னது அவள் ஊருக்கு முழு உண்மை. புல்லட்டும் அந்தப் பக்கத்து ஞானத்தில் வளர்ந்த வண்டிதானே. 1955-இல் ராணுவத் தேவைக்காகச் சென்னையில் செய்யத் தொடங்கி, பிறகு திருவொற்றியூர் தொழிற்சாலையில் பல பத்தாண்டுகள் பிறந்த வண்டி. திருவொற்றியூரில் கைப்பிடிக்கு ஹீட்டர் வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவரை நிழலில் உட்காரவைத்து மோர் கொடுத்திருப்பார்கள்.

பெட்டி வந்தது. இரண்டு கைப்பிடிகள், மூன்று படி வைத்த ஒரு சுவிட்சு, நிறைய வயர், நொடியில் ஒட்டும் பசை ஒரு சின்ன டியூப், பியூஸோடு ஒரு சிவப்பு வயர், கறுப்பு நிறத்தில் சர்க்கரைக் கட்டி அளவுக்கு ஒரு பெட்டி, ஒரு விளக்கத் தாள். விளக்கத் தாளில் எழுவாய் இருந்த இடத்தில் பயனிலை இல்லை, பயனிலை இருந்த இடத்தில் படம் இல்லை. சிவப்பு மையில் திருத்தி ஐந்துக்கு ஒன்றரை போட்டேன். தாள் சொல்லியிருந்ததைப் படித்தேனா என்றால், திருத்தினேன் என்றுதான் சொல்ல முடியும். கறுப்புப் பெட்டி எதற்கென்று புரியவில்லை. உபரி உதிரி என்று தீர்மானித்து மேசை இழுப்பறையில் போட்டேன். பியூஸ் வயர் நீளம் போதவில்லை, அதையும் அங்கேயே போட்டேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் விதை அந்த இழுப்பறையில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறியபின் வேலையை ஆரம்பித்தேன். பழைய கைப்பிடி வரமாட்டேன் என்றது. இழுத்தேன், திருகினேன், அதட்டினேன். எண்ணெய் விட்டால் வழுக்கும் என்று தோன்றியது. தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும், எங்கள் வீட்டில் அது திரவமாக இருந்து இரண்டு மாதம் ஆகிறது. வெந்நீரில் வைத்து உருக்கி, கைப்பிடிக்குள் ஸ்குரூடிரைவரை நுழைத்து ஊற்றினேன். இடது பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது. வலது பக்கம் அசையவில்லை, சமையலறைக் கத்தியால் கீறி உரித்தேன். அன்று மதியம் ரசத்தில் மிதந்தது மிளகு இல்லை என்று மனைவி கண்டுபிடித்ததை இங்கே விரிக்கப்போவதில்லை.

இரண்டு கைப்பிடிக்கும் துளை அளவு ஒன்றில்லை என்பது எனக்குத் தெரியாது. இடது பக்கம் வெறும் குழாய், 22 மில்லிமீட்டர். வலது பக்கம் அந்தக் குழாயின் மேல் ஆக்சிலேட்டருக்கான பிளாஸ்டிக் குழல் ஒன்று சுற்றும், அதனால் அந்தக் கைப்பிடியின் துளை சற்றுப் பெரிது. நான் முதலில் பெரியதை இடது பக்கம் மாட்டினேன், அது வளையல்போல் சுற்றியது. மாற்றி மாட்டினேன். இடது பக்கம் கச்சிதம். வலது பக்கம் பாதியில் நின்றது, ஏனென்றால் அந்தப் பிளாஸ்டிக் குழலின் மேல் வரிவரியாக மேடுகள் உண்டு. பழைய ரப்பர் வளைந்துகொடுத்து அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தது, புதியதன் உள்கூடு கெட்டியான பிளாஸ்டிக், வளையாது. மேடுகளை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து மழிக்க வேண்டும். ஒரு மணி நேரம் தேய்த்தேன். அதில் ஒரு சுகம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். இலக்கணம் நடத்தும்போது எதுவும் இப்படிக் கண்ணெதிரே வழவழப்பாவதில்லை.

பிறகு பசை. அந்தப் பசையின் தர்மம் ஒன்றுதான்: தொட்ட இடத்தில், தொட்ட நொடியில், தொட்டபடி. தடவிவிட்டுத் தள்ளினேன். கைப்பிடி இழுத்துக்கொண்டு உள்ளே போய், சுவிட்சுப் பெட்டியை முட்டி நின்றது. நடுவில் ஒரு நூலிழை இடைவெளி விட வேண்டும் என்பது நினைவு வருவதற்குள் அது அங்கே குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டது. வண்டியை உதைத்து, ஆக்சிலேட்டரைத் திருகினேன். நன்றாகத் திருகியது. விட்டேன். திரும்பி வரவில்லை. முட்டிய இடத்தில் உரசி அப்படியே நின்றுவிட்டது. புல்லட் முற்றத்தில் நின்றபடி கூக்குரல் எழுப்பியது. அக்கம்பக்கத்தில் மூன்று ஜன்னல் திறந்தன. எனக்குக் கீயை அணைக்கத் தோன்றவில்லை. "அணைங்க!" என்று மனைவி கத்திய பிறகுதான் தோன்றியது. மறுபடி கத்தி, மறுபடி உப்புத்தாள், ஓரத்தைச் செதுக்கி இடைவெளி உண்டாக்கினேன்.

வயரிங் மிகச் சுலபமாக முடிந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஹெட்லைட் டூமைத் திறந்து பார்த்தேன். உள்ளே பல வண்ண இடியாப்பம் ஒன்று இருந்தது, உடனே மூடிவிட்டேன். டூம் வழியாகப் போகாமல், டேங்குக்கு அடியில் வயரை விட்டு நேரே பாட்டரிக்குக் கொண்டுபோய், சிவப்பைச் சிவப்பில் சுற்றி, கறுப்பைக் கறுப்பில் சுற்றி, மேலே கறுப்பு டேப் ஒட்டினேன். சுவிட்சைத் தட்டினேன். சின்ன விளக்கு எரிந்தது. ஒரு நிமிடத்தில் கைப்பிடி வெதுவெதுவென்றது. இரண்டு நிமிடத்தில் சூடான ஆப்பத்தைப் பிடித்தது போல. நான் முற்றத்தில் நிறுத்திய வண்டியின் மேல் உட்கார்ந்து, எங்கும் போகாமல், அரை மணி நேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் பிடித்துப் பார்த்தாள். மகள் பிடித்துப் பார்த்தாள். கீயே இல்லாமல் வேலை செய்கிறதே என்று மகள் கேட்டாள். "அதுதான் வசதி" என்றேன்.

இரவு 9 மணிக்குக் கடைசியாக ஒருமுறை போய்ச் சுட வைத்துப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன்.

காலையில் வண்டியை மூடியிருந்த தார்ப்பாயைத் தூக்கினால், டேங்கின் மேல் ஒரு பூனை படுத்திருந்தது. சாம்பல் நிறம், யாருடையதென்று தெரியாது. வலது கைப்பிடியை இரண்டு முன்னங்கால்களாலும் கட்டிக்கொண்டிருந்தது. என்னை ஒரு கண்ணால் பார்த்தது. சுவிட்சின் விளக்கு அணைந்திருந்தது. கீயைத் திருப்பினேன், ஹாரனை அமுக்கினேன். தொண்டை கட்டிய தவளை ஒருமுறை முனகியது. கிக்கரை உதைத்தேன். பாட்டரியில் உயிர் இல்லையென்றால் காயிலிலிருந்து பொறி வராது. அன்று சிறப்பு வகுப்புக்கு ஒரு கேரட் லாரியில் போய் இறங்கினேன்.

இயற்பியல்காரர் பிரேத பரிசோதனை நடத்தினார். இரண்டு கைப்பிடியும் சேர்ந்து 36 வாட். பாட்டரி 12 வோல்ட். 36-ஐ 12-ஆல் வகுத்தால் 3 ஆம்பியர். என் பாட்டரி 9 ஆம்பியர் அவர். 9-ஐ 3-ஆல் வகுத்தால் 3 மணி நேரம். "9 மணிக்கு விட்டீர்கள் என்றால், நள்ளிரவு 12 மணிக்கு முடிந்திருக்கும்" என்றார், குரலைத் தாழ்த்தி.

"அப்படியானால் பூனை ஏன் விடியும்வரை இருந்தது?"

அவர் சற்று யோசித்தார். "நம்பிக்கை" என்றார்.

இவ்வளவு சொன்னவர் வயரைத் தானே வந்து பார்க்கவில்லை. அவர் கொள்கை ஆசிரியர், செய்முறைக்கு வேறு ஆள். ஆனால் ஒன்று சொன்னார், அது வேத வாக்கு. ஹெட்லைட் 55 வாட், கைப்பிடி 36 வாட், இதுபோக மற்றவை. வண்டி ஓடும் வேகத்தில்தான் பாட்டரிக்குத் திரும்பச் சார்ஜ் ஏறும், நின்ற இடத்தில் உறுமினால் வரவைவிடச் செலவு அதிகம். அவர் சொன்ன பிறகு கவனித்தேன். ஊட்டி சேரிங்கிராஸில் நிற்கும்போது ஹெட்லைட் தேய்பிறையாகும், கிளம்பியதும் வளர்பிறையாகும்.

பாட்டரியைச் சார்ஜ் ஏற்றி, இரவில் மறக்காமல் அணைத்து, ஒரு வாரம் ஓட்டினேன். அந்த ஒரு வாரத்தில் கைப்பிடிக்கு ஒரு விநோத வியாதி வந்தது. இடது பக்க வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் வலது கை சில்லென்று ஆகிவிடும். நேராக வந்ததும் மறுபடி சூடாகும். லவ்டேலில் இரண்டு முறை, கேத்தியில் நான்கு முறை. முதலில் காற்றின் திசை என்று நினைத்தேன். பிறகு, மலைச் சரிவின் நிழல் என்று ஒரு விளக்கம் கண்டேன், அதற்குச் சான்றுகூடத் திரட்டினேன். உண்மை இதுதான்: வலது கைப்பிடியின் வயரை நான் மிகச் சிக்கனமாக இழுத்துக் கட்டியிருந்தேன். ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினால் வலது முனை முன்னால் போகும், வயர் விறைக்கும், நான் கையால் முறுக்கிய இணைப்பு வாயைப் பிளக்கும். நேரானதும் வாய் மூடிக்கொள்ளும். வயர் கட்டுகிறவன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்து, தளர்வு விட்டுத்தான் கட்ட வேண்டுமாம். நான் வண்டியை நேராக நிறுத்திக் கட்டினேன், நேரான சாலை ஒன்றுகூட இல்லாத மாவட்டத்தில்.

அந்தக் குறையையே ஒரு வசதியாக்கிக்கொண்டு, அடர்ந்த மூடுபனியில்கூட எந்தப் பக்கம் திரும்புகிறேன் என்று கை சொல்லிவிடும் என்று நண்பர்களிடம் பெருமையடித்தேன். பத்தாம் நாள் அந்தப் பெருமைக்கு முடிவு வந்தது. முடிவு வந்த இடம் அருவங்காடு.

அருவங்காட்டில் இருப்பது கார்டைட் தொழிற்சாலை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் வெடிமருந்து செய்கிற இடம். அந்த மதில் ஓரமாகப் போகும்போது, நானறிந்தவரை, யாரும் பீடிகூடப் பற்றவைப்பதில்லை. அந்த மதிலுக்கு நேராக வரும்போது என் தொடைகளுக்கு நடுவிலிருந்து புகை வந்தது.

முதலில் மூடுபனி என்றுதான் நினைத்தேன். மூடுபனி பிளாஸ்டிக் நாற்றம் அடிக்காது. டேங்குக்கு அடியில் போன வயர், டேங்கின் விளிம்பில் பத்து நாளாக உரசி உரசித் தோலுரிந்து, செம்புக் கம்பி வண்டியின் சட்டத்தைத் தொட்டுவிட்டது. சட்டம்தான் எர்த். நடுவில் பியூஸ் இருந்திருந்தால் அது ஒரு நொடியில் தன்னை எரித்துக்கொண்டு மற்றவர்களைக் காப்பாற்றியிருக்கும். பியூஸ் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது. வயர் செக்கச்செவேலென்று பழுத்தது. மேலே ஒரு சாண் தூரத்தில் பத்து லிட்டருக்குக் குறையாமல் பெட்ரோல். மதிலுக்கு அப்பால் என்ன இருந்தது என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

தூரத்தில் ஒரு விசில் சத்தம் கேட்டது. எனக்கான விசிலா, வேறு யாருக்கோவா, தெரியாது. குதித்து இறங்கி, பக்கப் பெட்டியைத் திறந்து, கையுறைக் கையால் பாட்டரியில் சுற்றியிருந்த சிவப்பு வயரைப் பிடித்து ஒரு இழு இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. போல்ட்டில் முறையாக வைத்து முடுக்கியிருந்தால் வந்திருக்காது, ஸ்பேனர் தேட வேண்டியிருந்திருக்கும். என் வேலையின் தரக்குறைவுதான் அன்று என்னையும், ஒருவேளை பாதுகாப்புத் துறையையும் காப்பாற்றியது. அந்தக் கையுறைக்கும் நன்றி சொல்ல வேண்டும், அது இரண்டாவது முறையாகப் பொசுங்கியது.

ஊட்டி மார்க்கெட் பக்கத்தில் பாட்டரிக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் சீட்டைக் கழற்றி, டேங்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பெரிய டாக்டர்கள் இப்படித்தான் எக்ஸ்ரேயைப் பார்ப்பார்கள்.

"யாரு சார் வேல பாத்தது?"

"ஊர்ல ஒருத்தர்" என்றேன்.

"அவன்கிட்ட இனிமே போகாதீங்க சார்."

போகமாட்டேன் என்று உறுதி சொன்னேன். எண்ணெய் ஊற்றிக் கழற்றியதையும் அவர் கண்டுபிடித்தார். இடது கைப்பிடி லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது, எண்ணெய்ப் பசைமேல் எந்தப் பசையும் நிற்காது. பக்கத்து பஞ்சர் கடையிலிருந்து காற்றுக் குழாயை இழுத்துவந்து கைப்பிடியின் விளிம்பில் வைத்து அழுத்தினார். ரப்பர் ஒரு நொடி உப்பியது, புஸ் என்று கையில் வந்தது. கத்தியும் இல்லை, தேங்காய் எண்ணெயும் இல்லை. கம்பியைப் பெட்ரோல் துணியால் துடைத்து, உலரவிட்டு, மறுபடி ஒட்டினார். என் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விழுங்கிய வேலை, அவருக்கு ஒரு டீ ஆறுகிற நேரம்.

"இதோட ஒரு ரிலே குடுத்திருப்பானே சார், எங்க?"

இழுப்பறையிலிருந்த கறுப்புப் பெட்டி மறுநாள் கடைக்கு வந்தது. அதன் அடியில் நான்கு கால்கள், ஒவ்வொன்றின் அருகிலும் பொடி எழுத்தில் ஒரு எண்: 30, 85, 86, 87. வரிசையும் இல்லை, முறையும் இல்லை. பாய் விளக்கினார். 30-இல் பாட்டரியிலிருந்து பியூஸ் வழியாக மின்சாரம் வந்து காத்திருக்கும். 87-இலிருந்து கைப்பிடிக்குப் போகும். இரண்டுக்கும் நடுவில் கதவு சாத்தியிருக்கும். 85-க்கும் 86-க்கும் நடுவில் ஒரு சின்னக் காயில். கீயைத் திருப்பினால் அதற்குத் துளி மின்சாரம் வரும், அது காந்தமாகும், 'டிக்' என்று கதவைத் திறந்துவிடும். கீயை எடுத்தால் கதவு மூடிக்கொள்ளும், பூனைக்கு இடமில்லை.

எனக்கு இது உடனே புரிந்தது, எங்கள் பள்ளி மணி இப்படித்தான் அடிக்கிறது. தலைமையாசிரியர் அறைக்குள் உட்கார்ந்தபடி புருவத்தை லேசாகத் தூக்குவார். அது 85, 86. வாசலில் நிற்கும் உதவியாளர் அதைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தொங்கும் தண்டவாளத் துண்டில் சம்மட்டியால் அடிப்பார். அது 30, 87. புருவத்துக்குச் செலவாகும் சக்திக்கும் குன்னூர் பஸ் நிலையம்வரை கேட்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது. தலைமையாசிரியர் தானே போய்ச் சம்மட்டி தூக்கினால் என்ன ஆகும்? கீ சுவிட்சு வழியாகவே 3 ஆம்பியரையும் ஓட்டினால் அதேதான் ஆகும் என்றார் பாய், நான் இந்த உவமையைச் சொன்னபோது. அதாவது, தலைமையாசிரியரை அவர் பார்த்ததில்லை, "பழைய சுவிட்சுன்னா தீஞ்சுரும் சார்" என்றுதான் சொன்னார்.

வயரெல்லாம் ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாயை மாட்டி, டேங்கின் விளிம்பிலிருந்து தள்ளிக் கட்டி, ஹேண்டிலை இரு பக்கமும் ஒடித்துப் பார்த்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகி விட்டுப் பார்த்து, அது 'டப்' என்று திரும்புவதை மூன்று முறை எனக்குக் கேட்கவைத்தார். 5 ஆம்பியர் பியூஸை என் முகத்துக்கு நேரே பிடித்து, "இது இல்லாம ஓட்டாதீங்க" என்றார். கூலி 400 ரூபாய். கைப்பிடியைவிட அதிகம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மறுநாள் காலை 1 டிகிரி என்று செய்தியில் சொன்னார்கள். கீயைத் திருப்பினேன், டிக். கிளம்பினேன். ஊட்டி தாண்டியது, லவ்டேல் தாண்டியது, இடது வளைவிலும் வலது கை சுட்டது. உள்ளங்கைகள் தோசைக்கல்லில் வைத்தவைபோல் இருந்தன. ஆனால் விரல்கள் மறுபடி வலித்தன.

வண்டியை நிறுத்திக் கையைப் பார்த்தேன். உள்ளங்கை சிவந்து வியர்த்திருந்தது. புறங்கை நீலம். கைப்பிடி சுடுவது உள்ளே, காற்று அடிப்பது வெளியே. இரண்டு பேரும் நடுவில் என் விரலை வைத்துப் பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த எளிய விஷயத்தை, கைப்பிடியை 2,300 ரூபாய்க்கு விற்றவரும் சொல்லவில்லை, இயற்பியலும் சொல்லவில்லை, பாயும் சொல்லவில்லை. பாய் கடைக்கு நடந்து வருகிறவர்.

அன்று மாலை பால்காரருக்காக வாசலில் காத்திருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகைகூடப் பார்த்தேன். தேவைப்படவில்லை. அவர் என் கையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், "எத்தன கிலோ சாக்குல வேணும்?" என்றார்.

மூன்றாம் நாள் விடிகாலையில் இரண்டு உறைகளோடு வந்தார். யூரியாச் சாக்குதான், ஆனால் என் உத்தியோகத்தை மதித்து எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பித் தைத்திருந்தார். ஹேண்டிலில் மாட்டி, பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினார். நான் வண்டியை உதைத்துக் கைப்பிடியின் சுவிட்சைப் போட்டுவிட்டு, "நீங்களே முதலில் பாருங்கள்" என்றேன். அவர் புல்லட்டின் மேல் தயக்கமாக உட்கார்ந்து, இரண்டு கைகளையும் உள்ளே விட்டார்.

முகம் மெல்ல மாறியது. ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

எதிர்வீட்டம்மா தூக்குவாளியோடு வாசலுக்கு வந்தார். அடுத்த வீட்டுப் பாட்டி சொம்போடு வந்து நின்றார். "பாலு?" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். "கொஞ்சம் இருங்க" என்றார் பால்காரர், கண்ணைத் திறக்காமல். சாம்பல் பூனை எங்கிருந்தோ வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டது. நின்ற இடத்திலேயே புல்லட் உறுமிக்கொண்டிருந்தது. ஹெட்லைட் தேயத் தொடங்குவதை நான் பார்த்தேன், அவரிடம் சொல்லவில்லை.